எனக்கும் ஒரு கட்டம்

அந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மறந்துவிட்டது. இரண்டாவது கேள்வி மறக்கவில்லை. யாரிடம் எதைக் கேட்டாலும் அவருடைய இரண்டாவது கேள்வி ஒன்றேதான்.

"ஆர்டர் வந்ததும் நான் டைப் அடிப்பேன் மேடம்."

"வரலைன்னா?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"டைப்ரைட்டர் ஓடலைன்னா?"

"கையால எழுதுவேன்."

"கையும் முடியலைன்னா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்காமல் பென்சிலைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல், "லீவு போட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவேன் மேடம்" என்றேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. அதையும் எழுதிக்கொண்டார். ஒரு மனுஷியின் உத்தியோகத்தைக் கடைசிவரை துரத்திக்கொண்டு போய் வாசல் கதவு வரை பார்த்துவிட்ட திருப்தி அது.

எழுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு தனியார் பீங்கான் ஃபாக்டரியில் நான் டிஸ்பாட்ச் பிரிவு டைப்பிஸ்ட். ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, டீக்கடைக் கோப்பை எல்லாம் சூளையிலிருந்து வந்து வைக்கோலில் சுற்றி மரப்பெட்டியில் ஏறி ஊர் ஊராகப் போகும். எங்கள் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஃபாக்டரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மெஷின் மெட்ராசில் இருக்கும், அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம், அதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாள் வருவார் என்று ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் ஆட்டத்தானே வேண்டும்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, ஆம்பிளை வாட்ச்சு, கொண்டையில் செருகிய பென்சில். மற்ற கம்பெனிகளில் இரண்டு ஆட்கள் செய்கிற வேலையை அவர் ஒருவரே செய்தார். ஓர் ஆள் ஃபாக்டரிக்குள் சுற்றி யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதவேண்டும். இன்னோர் ஆள் அதை மெஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றி எழுதவேண்டும். "ஒரு சம்பளத்துல ரெண்டு பேரப் புடிச்சிருக்கோம்" என்று மேனேஜர் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு அதில் கோபம் இல்லை. "கேக்குறவ ஒருத்தி, எழுதுறவ ஒருத்தின்னு இருந்தா, கேட்டதுல பாதி வழியிலேயே செத்துப்போயிடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

அவர் பையில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. அதில் சதுரம், சாய்சதுரம், வட்டம் என்று ஓட்டை ஓட்டையாக வெட்டியிருக்கும். பேக்கிங்கில் இருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "மார்கழிக்குக் கோலம் போட மெட்ராஸ்ல இப்படி அச்சு விக்குதுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். அவர் அந்த அச்சை வைத்து ஒவ்வொருவர் வேலைக்கும் ஒரு கட்டம் வரைவார். சாய்சதுரம் வந்தால் அங்கே அவருடைய கேள்வி இருக்கிறது என்று அர்த்தம். ஆம் என்றால் ஒரு பக்கம் அம்பு போகும், இல்லை என்றால் இன்னொரு பக்கம். தாள் போதாமல் மைதாப் பசை காய்ச்சி ஒட்டி ஒட்டி, எங்கள் ஆபீசின் ஒரு சுவரையே அந்தப் படம் பிடித்துக்கொண்டது. நாங்கள் அதற்கு ஜாதகம் என்று பேர் வைத்தோம். ஃபாக்டரிக்கு எழுதின ஜாதகம்.

டீக்கடையிலும் அவர் கேள்வியை விடமாட்டார். ஃபாக்டரி வாசலில் கடை வைத்திருந்த மங்கலம்பேட்டை பாய் ஒருவரிடம் ஒருநாள், "பால் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"வந்துரும்மா."

"வரலைன்னா?"

"கட்டங்காப்பி போடுவேன்."

"தூளும் தீந்துபோச்சுன்னா?"

பாய் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடைய சாத்திட்டு எம் மச்சான் மாதிரி துபாய்க்குப் போயிடுவேன். போதுங்களா?"

"போதும்" என்று அந்த அம்மாள் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் "இல்லன்னா" என்ற வார்த்தையை நல்ல காரியத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். விளக்கு வைத்த நேரத்தில் சொன்னால் வீட்டில் திட்டு விழும். இவருக்கு அந்த விவஸ்தையே கிடையாது. அதனாலேயே இவருடைய கல்யாணமும் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார், பையன் அமெரிக்கா போகிறான், போனதும் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வான் என்றார்களாம். இவர் சபையில் வைத்தே, "கூப்பிடலைன்னா?" என்று கேட்டிருக்கிறார். இட்டிலியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "நியாயமான கேள்விதானே?" என்றார். நியாயந்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு யார் வீட்டில் தாலி கட்டுகிறார்கள்?

ஒரு லீவு நாளில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்கே சாமியிடம் வேண்டிக்கொள்வது மட்டும் இல்லை, பிராதும் கொடுக்கலாம். யார் மேல் என்ன குறை என்று கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரி ஒரு தாளில் எழுதிப் பூசை செய்து வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைக்கும். தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிராது எழுதிக்கொடுக்கிற பெரியவரிடம் போய் ஆரம்பித்துவிட்டார்.

"மூணு மாசத்துல தீரலைன்னா?"

"தீரும்மா."

"தீரலைன்னா?"

"அப்ப உங்க பிராதுல நாயம் இல்லன்னு அர்த்தம். போய் யோசிங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பாத்தியா, எந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கு. எங்கயும் ஆள் முழிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. இப்படி எழுதணும் புரோகிராம்னா." சாமி கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இப்போது கலியபெருமாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் எங்கள் பிரிவில் தற்காலிக கிளார்க். வருஷக்கணக்காகத் தற்காலிகம். ஓர் ஆர்டர் வந்தால் எந்த ஊருக்கு எத்தனை ஜாடி கூடுதலாக வைக்கவேண்டும் என்று சீட்டு எழுதுவது அவன் வேலை. வழியில் உடையும் அல்லவா, அதற்காக. கூட்ஸ் வண்டி எங்கெங்கே முட்டும், எந்த ஊர் ரோடு மோசம், எந்த வியாபாரி உடையாததையும் உடைந்ததாகச் சொல்வான் என்றெல்லாம் பார்த்து எழுதுவான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் லீவு போட்டால் மற்றவர்கள் கையைப் பிசைவார்கள்.

அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி திட்டக்குடியில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் போனவளை, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் மாமனார் அனுப்பவில்லை. "வேலை நிரந்தரமாவட்டும். அப்பறம் எம் பொண்ண அனுப்பறேன்" என்பது அவர் வாக்கு. கலியபெருமாள் மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கியதும் திட்டக்குடி போவான், குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வருவான். மறுநாள் அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருக்கும். நிரந்தரம் என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதையும் செய்வான்.

அந்த நிலைமையில்தான் ஃபாக்டரியில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. சுவரில் இருக்கிற ஜாதகத்தில் யாருக்குக் கட்டம் இருக்கிறதோ அவர்களை எல்லாம் நிரந்தரமாக்கப் போகிறார்கள், கட்டம் இல்லாதவர்களை அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த அம்மாள் மேஜைக்கு வாழைப்பழம் வர ஆரம்பித்தது. கொய்யா வந்தது. பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒருவர் கரும்புக் கட்டையே சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், எனக்கும் ஒரு கட்டம் போடுங்க மேடம்."

"அது வேலைக்குத்தாங்க. ஆளுக்கு இல்ல."

"எம் வேலைக்குத்தான் மேடம் கேக்கறேன். காலையில வந்ததும் பொட்டியப் பாப்பேன். ஆணி சரியா இருக்குதான்னு பாப்பேன். அப்பறம் பத்து மணிக்கு மேல எனக்கு ஒண்ணும் வேலை இல்ல, சும்மாதான் நிப்பேன், அதையும் எழுதிக்கோங்க."

இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று வருஷக்கணக்காக மூடி வைத்திருந்ததை எல்லாம் சொன்னார்கள். எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு பெரிய கட்டம் என்று நினைப்பு. அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும், "இதுக்கும் நிரந்தரத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்று சொல்லத்தான் செய்தார். அவர்கள் என்னிடம் வந்து, "வெளிய சொல்லக் கூடாதுன்னு மேல உத்தரவு போல, பாவம் மறைக்கறாங்க" என்று கண்ணடித்தார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல ஆமாம் என்று நம்புகிற ஜனங்களிடம் என்ன செய்ய முடியும்?

ஒரே ஓர் ஆள் மட்டும் வாய் திறக்கவில்லை. ஸ்டோர்கீப்பர். காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பேப்பர் படிப்பார். அவரிடம் அந்த அம்மாள் போய்க் கேட்டபோது, "எங்க வேலை சொன்னாப் புரியாதுங்க" என்று மறுபடி பேப்பரை விரித்துவிட்டார். ஜாதகத்தில் அவர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த அம்மாள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார். அவரைப் பார்த்துக் கலியபெருமாள் பரிதாபப்பட்டான். "வயசான மனுசன்க்கா. வெளிய போயி என்னா பண்ணுவாரு?" என்றான்.

கலியபெருமாளுடைய கட்டம் ஒன்றாக இல்லை, ஒரு தாள் முழுவதும் இருந்தது. ஊருக்கு ஊர் ஒரு சாய்சதுரம். மழைக்காலம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் ஒரு பக்கம். அவனும் அந்த அம்மாளும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் "இல்லன்னா?" என்று கேட்க, எரிச்சல் படாமல் பதில் சொன்ன ஒரே ஆள் அவன்தான். சில சமயம் அவனே, "மேடம், நீங்க இதைக் கேக்கலியே, லாரி வழியில நின்னுபோயி சரக்கு வேற லாரிக்கு மாறினா?" என்பான். அவர் கை தட்டாத குறைதான். அந்த வாரங்களில் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நான் சத்தியம் செய்வேன்.

வேலையை ஆரம்பிக்கும் முன்பே அந்த அம்மாள் முதலாளி மகனிடம் கேட்டிருந்தார். மெஷின் வந்தால் ஆட்கள் என்ன ஆவார்கள் என்று. யாரையும் அனுப்பமாட்டோம், வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்வோம் என்றார் அவர். வழக்கம்போல "இல்லன்னா?" என்றும் கேட்டிருக்கிறார். "என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று முதலாளி மகன் சிரித்திருக்கிறார். இதற்கு மேல் என்ன கேட்பது என்று அந்த அம்மாள் விட்டுவிட்டாராம். ஊரில் ஒருத்தரையும் விடாத மனுஷி, அங்கே விட்டுவிட்டார்.

படம் முடிகிற சமயத்தில் முதலாளி மகன் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். நான் குறிப்பு எடுக்கப் பக்கத்தில் நின்றேன். விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போனவர், "இதெல்லாம் மெஷின் பண்ணிடும் இல்லையா? அப்ப இந்தக் கட்டத்துல இருக்கற ஆளுங்க நமக்கு எதுக்கு?" என்றார்.

"வேற பிரிவுக்கு மாத்தறதா சொன்னீங்க."

"வேற பிரிவுலயும்தான் கட்டம் போட்டிருக்கீங்களே."

"அவங்களுக்கு வேற வேலை கொடுக்கலைன்னா..."

"மேடம், மெஷினோட இல்லன்னாவை நீங்க பாருங்க. ஆளுங்களோட இல்லன்னாவை நாங்க பாத்துக்கறோம்."

கேள்விக்குறி இருந்த இடத்துக்கு வந்து, "இது யாரு?" என்றார். ஸ்டோர்கீப்பர், என்ன செய்கிறார் என்று தெரியவில்லை என்றார் அந்த அம்மாள். "தெரியலைன்னா கை வைக்க வேணாம். ஏதாவது நின்னுபோயிடப் போகுது" என்றுவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் இன்னொருவர் வந்திருப்பார், இவ்வளவு தூரம் அக்கறையாகவும் கேட்டிருக்கமாட்டார். அவர் வேறு ஒன்று செய்யப் பார்த்தார். கலியபெருமாளின் தாளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "ஆள் முடிவு செய்யவேண்டும்" என்று எழுதி மெஷினை அங்கே நிறுத்திவிடத் தீர்மானித்தார். அந்த ஒரு சீட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் அவனை அனுப்ப முடியாது. எல்லாரையும் காப்பாற்ற வழி இல்லை, இவனை மட்டுமாவது பார்ப்போம் என்று என்னிடம் சொன்னார்.

மறைத்துச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. அதுதான் வினை. அவனை டீக்கடைப் பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார்.

"உங்க கட்டத்த எடுத்துடப் போறேன் கலியபெருமாள்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "நான் என்னா தப்பு பண்ணேன் மேடம்?"

"தப்பு இல்ல. கட்டத்துல இருந்தா உங்க வேலைய மெஷின் பண்ணிடும். உங்கள அனுப்பிடுவாங்க. கட்டத்துல இல்லைன்னா நீங்க இருப்பீங்க."

"ஸ்டோர் ஐயாவுக்குக் கட்டம் இல்லையே மேடம். அவருக்குப் போடறதுக்காவ என்னுத எடுக்கறீங்களா?"

"ஐயோ, அவருக்குப் போடலைங்க. கட்டம் இல்லாததாலதான் அவர் தப்பிச்சார்."

"இல்ல மேடம், வேணாம் மேடம்." அவன் அழுதுவிட்டான். "உங்களுக்குப் புண்ணியமா போவுது, எடுத்துடாதீங்க. திட்டக்குடியில மாமனார் வூட்டுல சொல்லிட்டேன். எம் பேருல ஒரு தாளே இருக்குதுன்னு சொல்லிட்டேன். புள்ள இப்பதான் அப்பான்னு கூப்புடுது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன், அவனுக்குப் புரிகிற மாதிரி, எங்கள் பேச்சில், தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவன் என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். ஸ்டோர்கீப்பர் எனக்கும் ஏதோ கொடுத்திருப்பார் என்று நினைத்தானோ என்னவோ.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டான். மெட்ராஸ் அம்மா என் கட்டத்தை எடுக்கப் பார்க்கிறார்கள், எடுக்கவிடாமல் செய்யவேண்டும் என்று. அடுத்த நாள் பேக்கிங் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் ரூமுக்கும் போனான். மேடம் வேலைக்காரர்களின் வேலையைப் படத்திலிருந்து அழிக்கிறார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேனேஜர் அந்த அம்மாளைக் கூப்பிட்டுவிட்டார். யாருடைய கட்டத்தையும் எடுக்கக்கூடாது, எல்லா வேலையும் மெஷினுக்குப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். வெளியே நின்றிருந்த ஆட்கள் அதைக் கேட்டு மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த அம்மாள் அவர்களைத் தாண்டி நடந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கலியபெருமாள் அந்த வாரமே பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஆபீஸ் முழுவதும் கொடுத்தான். முதல் இலைத் துண்டை அந்த அம்மாளுக்குத்தான் கொடுத்தான். "கோவம் வச்சிக்காதீங்க மேடம். சாமி பேருலதான் கட்டினேன், உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றான். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு மெட்ராஸ் போய், தான் எழுதியதை எல்லாம் மெஷின் படிக்கிற மாதிரி அட்டைகளில் ஓட்டை போடவைத்து, மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியவர் நேராக ஆபீசுக்கு வந்தார். கையில் மெஷின் அச்சடித்துக் கொடுத்த, ஓரமெல்லாம் துளை போட்ட அகலத் தாள்கள். "கலியபெருமாள் சொன்னது ஒண்ணுகூடத் தப்பில்ல. பழைய ஆர்டர் எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். அவர் எழுதின மாதிரியே, அப்படியே வருதும்மா!" அந்தக் கண்களில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஒரு நிமிஷம்தான். அப்புறம் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்து, தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அவரை நினைத்தால் எனக்குப் பிரியமும் வரும், ஆத்திரமும் வரும். இரண்டும் அந்த ஒரு நிமிஷத்தினால்தான்.

உத்தரவுகளை நான்தான் டைப் அடித்தேன். டிஸ்பாட்சில் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை நானே தமிழில் படித்துச் சொன்னேன்: உங்கள் தற்காலிகப் பணி இன்றோடு முடிவடைகிறது. பேக்கிங் பெண்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். மேனேஜர் ரூமுக்குப் போனவர்களை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஸ்டோர்கீப்பர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

கலியபெருமாள் மட்டும் அழவில்லை. தாளை இரண்டு தரம் படிக்கச் சொன்னான். "தற்காலிகம் முடிஞ்சிட்டா அடுத்து நிரந்தரம்தானேக்கா? முடிக்காம எப்படிப் போட முடியும்? நடுவுல ஒரு இடைவெளி வுடுவாங்க. கவர்மெண்ட்டுலயே அப்படித்தான்."

"கலியா, அப்படி இல்லடா. வேலை போயிடுச்சு."

"இவங்களுக்குப் போயிருக்கும். எனக்குத் தாள் முழுக்க இருக்குதுக்கா."

அந்த அம்மாளுக்கு அடுத்த வேலை வேறு ஊரில் ஒரு நூல் மில்லில் என்றார்கள். அங்கேயும் சுவர் இருக்கும், அங்கேயும் யாராவது வாழைப்பழம் கொண்டுவருவார்கள். அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயிருந்தேன். ஃபாக்டரியிலிருந்து வேறு யாரும் வரவில்லை, கலியபெருமாளைத் தவிர. வெள்ளை வேட்டியும் சலவைச் சட்டையுமாக வந்திருந்தான். கையில் மல்லிகைப்பூப் பொட்டலமும் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையும் இருந்தன. அவர் பெட்டியை வாங்கி மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடமும் பிடித்தான்.

"மேடம், எம் கட்டம் இருக்குதுங்களா இன்னும்?"

அந்த அம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இருக்கு."

"நல்லா வேலை செய்யுதுங்களா?"

"நல்லா செய்யுது."

"தப்பு ஒண்ணும் வரலியே?"

"ஒண்ணுகூட வரல கலியபெருமாள்."

அவன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா இப்பவாவது நம்புவான் என்றேன். அவர் வாயைத் திறந்தார். ஒருமுறை சொல்லியாகிவிட்டதே என்று நினைத்தாரோ, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ. என் கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "அப்ப நான் திட்டக்குடி போயிட்டு வரேன்க்கா. இன்னைக்கே அழைச்சிக்கிட்டு வந்துடறேன். மாமனாரு என்னா சொல்றாருன்னு பாத்துடலாம்."

"போவாதடா கலியா. நான் சொல்றதக் கேளு."

"ஏன்க்கா? மேடமே சொல்லிட்டாங்களே."

திட்டக்குடி பஸ் அப்போதுதான் உள்ளே வந்து திரும்பியது. கூட்டம் அதிகம் இல்லை. அவனுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது.